வனெஸ்ஸா செல்ப்ஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த வனெஸ்ஸா செல்ப்ஸ்ட்?

அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர். 1984ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். நேரடிப் போட்டிகளில் மட்டும் 1.18 கோடி டாலருக்கு மேல் பரிசுப் பணம் வாங்கியவர். 2018 தொடக்கத்தில் தொழில்முறை ஆட்டத்தை விட்டபோது, பெண்களில் அவ்வளவு தொகையை யாரும் எட்டியிருக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் சட்டமும் படித்தவர். போக்கர் என்றாலே சுருட்டுப் புகையும் சூதாட்ட விடுதியும்தான் நினைவுக்கு வருகிறது என்றால், இவருடைய கதை அந்தப் படத்தில் சரியாக உட்காராது.

போக்கர் நம்ம ரம்மி மாதிரியா?

இல்லை. ரம்மியில் சீட்டைச் சேர்த்து முடிக்க வேண்டும். போக்கரில் கையில் ஒன்றுமே இல்லாமலும் ஜெயிக்கலாம். இந்த விதத்தில் 'மூணு சீட்டு'தான் அதற்குக் கொஞ்சம் நெருக்கம்.

அதிகம் ஆடப்படும் வகை டெக்ஸஸ் ஹோல்டெம். ஆளுக்கு 2 சீட்டு மூடி வரும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு திறப்பார்கள்: முதலில் 3, அப்புறம் 1, கடைசியாக 1. கையில் உள்ள இரண்டையும் பொதுவில் உள்ள ஐந்தையும் சேர்த்து மிகச் சிறந்த ஐந்து சீட்டு யாருக்கு அமைகிறதோ அவருக்குப் பாட், அதாவது நடுவில் சேர்ந்த மொத்தச் சிப்ஸும் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்). ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டும் சுற்று ஒன்று உண்டு. அந்தச் சுற்றுகளில் மற்றவர்கள் எல்லோரும் ஃபோல்டு செய்துவிட்டால், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டால், சீட்டைக் காட்டாமலே பாட் உங்களுடையது. செல்ப்ஸ்டின் பிழைப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் ஓடியது.

படித்த பெண் எப்படிச் சீட்டாட்டத்துக்கு வந்தார்?

படித்ததால்தான் வந்தார் என்று சொன்னால் பொருந்தும். எம்ஐடியில் சேர்ந்து, பிறகு யேலுக்கு மாறி, 2005ல் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஸ்பெயின் போனார். மெக்கின்ஸி நிறுவனத்தில் ஆலோசகராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். 2000களின் நடுவில் அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் ஆன்லைன் போக்கர் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. 2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் சொற்பத் தொகை கட்டி வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற உலகப் போட்டிக்கு நுழைவு வாங்கி, அங்கே முதல் பரிசான 25 லட்சம் டாலரை அள்ளியதுதான் அந்த அலைக்குக் காரணம். அலையில் வந்த ஆயிரக்கணக்கான மாணவர்களில் செல்ப்ஸ்டும் ஒருவர். பலர் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார்கள். இவர் ஆட்டத்தைப் பாடமாகவே படித்தார், பயிற்சித் தளம் ஒன்றில் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்.

அந்த '5-2' கதை என்ன?

2006, லாஸ் வேகாஸ். வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் 2,000 டாலர் நுழைவுப் போட்டி ஒன்றில், 21 வயது முடியும் முடியாத பருவத்தில், கடைசி மேசை வரை, அதாவது மிஞ்சிய சிலர் மட்டும் ஆடும் மேசை வரை, வந்துவிட்டார். ஈஎஸ்பிஎன் கேமராக்கள் ஓடுகின்றன. கையில் 5, 2. ஹோல்டெமில் இதைவிட மோசமான கை தேடித்தான் பிடிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு, பொதுச் சீட்டு ஒன்றுகூடத் திறக்காத நிலையில், எதிராளியின் ரைஸுக்கு (பந்தயத்தை உயர்த்துவது) மேல் மொத்தச் சிப்ஸையும் தள்ளி ஆல் இன் போட்டார். எதிராளியிடம் இரண்டு ஏஸ்! ஹோல்டெமின் ஆகச் சிறந்த தொடக்கக் கை. அவர் கால் செய்ய, அதாவது அந்தப் பந்தயத்துக்கு ஈடு கட்ட, ஒரு நொடியும் யோசிக்க வேண்டியதில்லை.

7வது இடம், ஏறத்தாழ 1 லட்சம் டாலர். ஆனால் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது அந்த ஒரு கையைத்தான். 'கிறுக்குத்தனமாக ஆடும் பெண்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த சில வருடங்களுக்கு அந்தப் பெயர் அவருக்குப் பணமாகவே வந்துகொண்டிருந்தது என்று தோன்றுகிறது. நல்ல கையோடு பெரிய பந்தயம் வைத்தாலும், 'இவளிடம் மறுபடியும் 5-2தான் இருக்கும்' என்று நினைத்துக் கால் செய்ய ஆள் இருந்தார்கள்.

அப்படி அடித்து ஆடுவதில் என்ன லாபம்?

கால் செய்பவருக்கு ஜெயிக்க ஒரே வழி: கடைசியில் கை பெரிதாக இருக்க வேண்டும். ரைஸ் செய்பவருக்கு இரண்டு வழி: கை பெரிதாக இருக்கலாம், இல்லை எதிராளி பயந்து ஃபோல்டு செய்யலாம்.

கணக்காகப் பாருங்கள். பாட்டில் 1,000 இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல் 500 வைத்து பிளஃப் செய்கிறீர்கள். மூன்று தடவை இப்படிச் செய்து, இரண்டு தடவை மாட்டிக்கொண்டால் நஷ்டம் 1,000. ஒரு தடவை எதிராளி விலகினால் வரவு 1,000. சரிக்குச் சரி. அதாவது மூன்றில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாக அது பலித்தாலே லாபம். மூன்றில் இரண்டு தடவை அசடு வழிந்து நிற்பதற்குத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானோருக்கு இந்த 'அவ்வளவுதான்' முடிவதில்லை. மேசையில் ஒன்பது பேர் பார்க்க வெறுங்கையோடு மாட்டுவது மனிதருக்குக் கூச்சம். அதுவும் மேசையில் நீங்கள் ஒருவர் மட்டும் பெண் என்றால், மாட்டும் ஒவ்வொரு தடவையும் 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்ற பார்வையும் சேர்ந்து வரும். செல்ப்ஸ்டின் திறமைகளில் கணிதத்தைவிட இந்தக் கூச்சமின்மையைத்தான் நான் மேலே வைப்பேன்.

இன்னொன்றும் உண்டு. பெண் என்றால் பயந்து ஆடுவாள், ரைஸ் செய்தால் கையில் நிச்சயம் சரக்கு இருக்கும் என்று ஆண்கள் நம்பியிருந்த காலம் அது. அந்த நம்பிக்கை இருக்கும் மேசையில் பிளஃபுக்கு நல்ல விலை கிடைக்கும்.

முதல் பிரேஸ்லெட் எப்போது?

வேர்ல்ட் சீரிஸில் ஒரு போட்டியை ஜெயித்தால் பணத்தோடு ஒரு தங்கக் கைச்சங்கிலியும் தருவார்கள். ஆட்டக்காரர்கள் எண்ணுவது அதைத்தான்.

அவருக்கு மூன்று உண்டு. 2008ல் பாட் லிமிட் ஒமாஹா, நுழைவு 1,500 டாலர். இதில் ஆளுக்கு 4 சீட்டு, ஆனால் அதில் சரியாக இரண்டைத்தான் சேர்க்க முடியும். 2012ல் பத்து வகை போக்கரை மாற்றி மாற்றி ஆடும் 2,500 டாலர் போட்டி, பரிசு 2,44,259 டாலர். 2014ல் 25,000 டாலர் நுழைவுப் போட்டி, பரிசு 8,71,148 டாலர். மூன்றும் ஆண் பெண் பேதமில்லாத திறந்த போட்டிகள். திறந்த போட்டிகளில் மூன்று பிரேஸ்லெட் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

மூன்றில் நான் மதிப்பது 2012ஐ. ஹோல்டெம் மட்டும் தெரிந்தவர்கள் பத்து வகைப் போட்டியில் அரை நாளில் காலியாகிவிடுவார்கள். பத்தில் சிலவற்றில் மோசமான கையே ஜெயிக்கும், சிலவற்றில் பொதுச் சீட்டே கிடையாது. 'அடித்து ஆட மட்டும்தான் தெரியும்' என்றவர்களுக்கு அது பதில்.

அவருடைய மிகச் சிறந்த ஆண்டு எது?

2010 என்பது என் கட்சி. ஏப்ரலில் கனெக்டிகட் மாநிலத்து மொஹீகன் சன் கேசினோவில் நடந்த நார்த் அமெரிக்கன் போக்கர் டூர் போட்டியில் முதலிடம், 7.5 லட்சம் டாலர். அதே ஆண்டில் பிரான்ஸின் கான் நகரில் பார்ட்டூஷ் போக்கர் டூர், 13 லட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் 18 லட்சம் டாலருக்கு மேல். அவர் வாழ்நாளில் வாங்கிய மிகப் பெரிய ஒற்றைப் பரிசு அது.

கான் போட்டியில் ஒரு கிளைக்கதை உண்டு. இறுதி மேசைக்குத் தகுதி பெற்றிருந்த ஒருவரை ஆட்டம் தொடங்குமுன் வெளியேற்றினார்கள். செய்தி சேகரிப்பவர்கள் போல் மேசையைச் சுற்றி நின்ற கூட்டாளிகள் மற்றவர்களின் சீட்டைப் பார்த்து அவருக்குச் சைகை காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சீட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்க்கும் பழக்கம் சும்மா வந்ததில்லை.

அடுத்த ஆண்டு அதே மொஹீகன் சன் போட்டியை மறுபடியும் ஜெயித்தார், 4.5 லட்சம் டாலர். நூற்றுக்கணக்கானோர் ஆடும் போட்டியில் பட்டத்தைத் தக்கவைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். 2013ல் பஹாமாஸில் 25,000 டாலர் ஹை ரோலர் போட்டியில் 14,24,420 டாலர்.

இத்தனைக்கும் நடுவில் சட்டம் படித்தாரா?

ஆமாம். யேல் சட்டக் கல்லூரி, 2012ல் பட்டம். மொஹீகன் சன் கேசினோவும் யேலும் ஒரே மாநிலம், காரில் ஒரு மணி நேரம்தான். மாணவியாக இருந்துகொண்டே அங்கே போய் ஜெயித்தார். காவல்துறை அத்துமீறலும் குடிமை உரிமையும் அவர் ஆர்வம் காட்டிய துறைகள். போக்கரில் வந்த பணத்தில் ஒரு பங்கை இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டப் பணிகளுக்கு அனுப்பவும் செய்தார். முழுநேர வழக்கறிஞராக மட்டும் ஆகவில்லை.

அப்படியென்றால் 1.18 கோடி டாலரும் அவர் கைக்கு வந்ததா?

இல்லை. போக்கர் செய்திகளில் வரும் இந்த எண்ணைப் பார்த்து வாய் பிளப்பவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது வாங்கிய பரிசுகளின் கூட்டுத்தொகை. கட்டிய நுழைவுத்தொகை இதில் கழிக்கப்படவில்லை. பெரிய போட்டி என்றால் ஒரு தடவை உட்கார 10,000 அல்லது 25,000 டாலர். ஆடுபவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு, மற்றவர்களுக்குக் கட்டிய காசும் போச்சு. உலகத் தரத்தில் ஆடுபவரும் பத்துப் போட்டிக்கு எட்டில் வெறுங்கையோடு எழுந்து வருவார். சில போட்டிகளில் தோற்றவுடன் மறுபடி காசு கட்டி உட்காரலாம். அந்தச் செலவும் இந்தக் கணக்கில் வராது.

அப்புறம் விமானம், ஹோட்டல், வரி. இதுபோக, பெரிய நுழைவுத்தொகைக்குப் பல தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே விற்றுவிடுவார்கள். பாதி விற்றிருந்தால் பரிசில் பாதி வாங்கியவருக்கு. 10 லட்சம் ஜெயித்ததாகத் தலைப்பில் வரும், கைக்கு வருவது மூன்று லட்சமாக இருக்கலாம். இன்னொரு பக்கம், ஆன்லைனில் ஜெயித்ததும் விளம்பர ஒப்பந்தத்தில் வந்ததும் இந்தப் பட்டியலில் இல்லை. செல்ப்ஸ்ட் பல ஆண்டுகள் போக்கர்ஸ்டார்ஸ் என்ற ஆன்லைன் போக்கர் நிறுவனத்தின் டீம் ப்ரோவாக, அதாவது அதன் விளம்பர முகமாக, இருந்தார். அதனால் அவருடைய உண்மையான வருமானத்தை இந்த எண்ணிலிருந்து கணக்குப் போட முடியாது.

'கறுப்பு வெள்ளி' அவரைப் பாதித்ததா?

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. அமெரிக்க நீதித் துறை போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் ஆகிய மூன்று பெரிய தளங்களின் உரிமையாளர்கள் மேல் குற்றப் பத்திரிகையை வெளியிட்டு, இணைய முகவரிகளையும் முடக்கியது. மொஹீகன் சன்னில் இரண்டாவது தடவை ஜெயித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அமெரிக்காவில் ஆன்லைன் போக்கரை நம்பிப் பிழைத்தவர்களுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. பலர் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் குடிபெயர்ந்தார்கள். செல்ப்ஸ்டுக்கு நேரடிப் போட்டிகள் இருந்தன, தாக்குப்பிடித்தார். ஆனால் தினமும் ஆயிரக்கணக்கான கைகள் ஆடிக் கற்றுக்கொள்ளும் வசதி அமெரிக்கர்களுக்குப் போனது. ஐரோப்பிய இளைஞர்கள் அந்த இடைவெளியில் முன்னேறிவிட்டார்கள்.

பெண்களுக்குத் தனிப் போட்டி இருக்கிறதே, அதில் ஆடினால் என்ன?

இருக்கிறது. வேர்ல்ட் சீரிஸில் 1977 முதல் பெண்கள் போட்டி நடக்கிறது. நடுவில் சில ஆண்கள் வம்புக்கென்றே அதில் நுழைந்தார்கள். பாலினத்தைக் காட்டித் தடுக்கச் சட்டம் இடம் தராததால், 2013ல் நுழைவுத்தொகையை 10,000 டாலராக்கி, பெண்களுக்கு 9,000 டாலர் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். வம்பர்கள் காணாமல் போனார்கள்.

தனிப் போட்டி தேவையா என்ற சண்டை ஓயவில்லை. சீட்டுக்கு ஆண் பெண் தெரியாது என்பது ஒரு கட்சி. வேர்ல்ட் சீரிஸின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்டில் நூற்றுக்கு ஐந்து பெண்கள்கூடத் தேறாதபோது, முதல் தடவை வருபவருக்கு நிம்மதியாக உட்கார ஒரு மேசை வேண்டாமா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில் நியாயம் தெரிகிறது. 1995ல் பார்பரா என்ரைட் மெயின் ஈவென்டின் இறுதி மேசையில் 5வது இடம் பிடித்தார். அடுத்த பெண் அந்த மேசைக்கு வர 2025 வரை ஆயிற்று, ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ்.

இந்தியப் பெண்களில்? நிகிதா லூதர் 2018ல் அணிப் போட்டியில் பிரேஸ்லெட் வாங்கினார்.

உலகின் முதலிடத்தில் இருந்தாரா?

2014 ஜூலையில், குளோபல் போக்கர் இண்டெக்ஸ் தரவரிசையில். பெண்கள் பட்டியல் இல்லை, மொத்தப் பட்டியல். அந்த இடத்தைத் தொட்ட முதல் பெண்.

2017ல் தோற்ற அந்தக் கையைப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

அது எந்த ஆட்டக்காரருக்கும் கனவில் வந்து பயமுறுத்தும் கை. 10,000 டாலர் மெயின் ஈவென்ட், ஆளுக்கு 50,000 சிப்ஸ். நாள்கணக்கில் ஓடும் போட்டியின் முதல் லெவல். செல்ப்ஸ்ட் கையில் இரண்டு ஏஸ். எதிரே பிரான்ஸின் கேல் பாமன், கையில் இரண்டு 7. பாமனும் லேசுப்பட்டவர் இல்லை, 2012ல் இதே மெயின் ஈவென்டில் 10வது இடத்தில் வெளியேறி இறுதி மேசையை ஒரே இடத்தில் தவறவிட்டவர்.

முதல் மூன்று பொதுச் சீட்டு: ஏஸ், 7, 5. செல்ப்ஸ்டுக்கு மூன்று ஏஸ், பாமனுக்கு மூன்று 7. நான்காவது சீட்டு இன்னொரு 7. செல்ப்ஸ்டுக்கு ஃபுல் ஹவுஸ், மூன்று ஏஸும் இரண்டு 7ம். பாமனுக்கு நான்கு 7, அது ஃபுல் ஹவுஸைவிடப் பெரிது. கடைசிச் சீட்டு 4. பாமன் ஆல் இன்.

இப்போது செல்ப்ஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். நமக்குத் தெரிந்தவை ஏழு சீட்டு. மீதி 45ல் எதிராளிக்கு வந்திருக்கக்கூடிய ஜோடிகள் 990. அந்த 990ல் நம்மைத் தோற்கடிப்பது ஒன்றே ஒன்று, மிச்சமிருக்கும் இரண்டு 7ம். சரி, எந்தக் கையோடும் யாரும் இங்கே ஆல் இன் போட மாட்டார்கள், ஃபுல் ஹவுஸாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏஸும் 7ம் என்றால் 2 விதம், 7ம் 5ம் என்றால் 6, 7ம் 4ம் என்றால் 6, இரண்டு 5 என்றால் 3, இரண்டு 4 என்றால் 3. ஆக நாம் ஜெயிக்கும் கைகள் இருபது, தோற்பது ஒன்று. அப்படியும் செல்ப்ஸ்ட் உடனே கால் செய்யவில்லை, நெடுநேரம் யோசித்தார். போட்டியின் தொடக்கத்தில் இத்தனை சிப்ஸை ஏஸ்-7ஓடு ஒருவர் தள்ளுவாரா என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. கடைசியில் கால் செய்தார். எழுந்து போனார்.

ஃபோல்டு செய்திருக்க வேண்டும் என்று யூடியூப் கருத்துப் பெட்டியில் சொல்பவர்கள் பாமனின் சீட்டைத் திரையில் பார்த்தவர்கள்.

ஏன் ஆட்டத்தை விட்டார்?

தோல்வியால் இல்லை. 2017ன் கடைசி நாளில் ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதினார். போக்கர்ஸ்டார்ஸிலிருந்து விலகுவதாகவும், ஒரு ஹெட்ஜ் ஃபண்டில் (பெரிய முதலீட்டாளர்களின் பணத்தை நிர்வகிக்கும் நிறுவனம்) வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும் சொன்னார். நிறுவனம் பிரிட்ஜ்வாட்டர் அசோசியேட்ஸ், அதுவும் கனெக்டிகட்டில்தான்.

ஆட்டம் மாறிவிட்டிருந்தது. 2015 வாக்கில் சால்வர் என்ற மென்பொருள்கள் பரவின. எந்தச் சூழலில் எந்தக் கையை எத்தனை சதவீதம் பிளஃப் செய்ய வேண்டும் என்று அவை கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். செல்ப்ஸ்ட் போன்றவர்கள் உள்ளுணர்வாலும் துணிச்சலாலும் கண்டுபிடித்து வைத்திருந்ததை, இருபது வயதுப் பையன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டு வந்தான். மேலே நிற்க வேண்டுமானால் அவரும் தினமும் அப்படிப் படிக்க வேண்டும். அந்த உழைப்பை வேறிடத்தில் போட்டால் என்ன என்று நினைத்திருக்கிறார். பாட் கொடுக்கும் விலைக்குக் கை பெறாது என்றால் ஃபோல்டு செய்ய வேண்டும், அதைத்தான் செய்தார். இடையிடையே வேர்ல்ட் சீரிஸில் ஓரிரு போட்டிகள் ஆடியதுண்டு, பொழுதுபோக்காக.

சொந்த வாழ்க்கை?

தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்பதை ஆரம்பத்திலிருந்தே மறைக்காதவர். 2013ல் தன் காதலியை மணந்தார். போக்கர் உலகின் முன்னணியில் அப்போது அப்படி வெளிப்படையாக இருந்தவர்கள் மிகச் சிலர்.

இதைப் படித்துவிட்டு நானும் ஆன்லைனில் காசு கட்டி ஆடலாமா?

இந்தியாவிலிருந்து முடியாது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்த பகுதியை ரத்து செய்தது என்று இழுபறி ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. தடையைச் சுற்றி வழி காட்டும் ஆப்புகளையும் டெலிகிராம் குழுக்களையும் நம்பினால், போன பணத்தை யாரிடமும் கேட்க முடியாது.

அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

2017 கையிலிருந்து வேண்டாம், அதில் அவர் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மொஹீகன் சன் இறுதி மேசைகளின் பதிவைத் தேடிப் பாருங்கள். ஏதாவது ஒரு கையில், எதிராளி பெரிய பந்தயம் வைத்த பிறகு அவர் சிப்ஸை எண்ணத் தொடங்கும் இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று முடிவு செய்துவிட்டு ஓட விடுங்கள். முக்கால்வாசி தடவை நீங்கள் ஃபோல்டு செய்திருப்பீர்கள், அவர் ரைஸ் செய்வார்.